நான் போட்ட நேர் பைப்பு

நட்டு வரமாட்டேங்குது. சைலன்சர் பைப்பை டர்போவோட புடிச்சிருக்கற மூணு நட்டுல ரெண்டு வந்துருச்சு, மூணாவது, டர்போவுக்குப் பின்னாடி கை மட்டும் போற சந்துல இருக்கறது, அது மட்டும் அசையலை. துரு எடுக்கற எண்ணெயை அடிச்சு விட்டுட்டு, சித்த நேரம் ஊறட்டும்னு வண்டிக்கடியில நிக்கறன். வண்டி லிஃப்டுல என்ற தலைக்கு மேல நிக்குது. டார்ச்சு லைட்டை எங்க வேணாலும் அடிக்கலாம், சைலன்சர்ல அடிக்கலாம், சக்கரத்துல அடிக்கலாம், ஆனா கை மறுபடி மறுபடி அதே எடத்துக்குத்தான் போகுது. விரிசல். டர்போவோட வார்ப்பு இரும்புல, மேல இருந்து கீழ, ஒரு விரல் நீளத்துக்கு. அதைச் சுத்தியும் கரி. கரின்னா புகை அந்த வழியா வெளிய வந்திருக்குதுன்னு அர்த்தம், இன்னைக்கு நேத்து வந்த கரியும் இல்லை, வெறகடுப்புல ஏத்துன சட்டியோட அடி மாதிரி தடியா அப்பிக் கெடக்குது. பல மாசத்துக் கரி. பத்து மாசத்துக்கு முன்னாடி இதே வண்டிக்கடியில இதே எடத்துல நின்னு வேலை பார்த்தவன் யாரு, நாச்சிமுத்து, நான்தான். டார்ச்சை அணைச்சன். அணைச்சா என்ன, அது அங்கதான் இருக்குது. மறுபடியும் போட்டன்.

காலையில ஒம்பது மணிக்குத் தண்டபாணி கொண்டாந்து விட்டான். தேங்கா மண்டி வெச்சிருக்கறவன், வசுமதி டீச்சரோட தம்பி, இந்த வண்டி டீச்சரோடது. சாவியைக் குடுத்துட்டு, "வண்டியை வித்தரலாம்னு பேசியாச்சுங்கண்ணா, ஒரு மணிக்கு வாங்கறவங்க வர்றாங்க, ஆஃப் பண்றப்ப ஒரு உலுக்கு உலுக்குதுல்லீங்க, அது மட்டும் இல்லாமப் பண்ணி வெச்சிருங்க"ன்னான். என்ஜின் மவுண்டிங் போயிருக்கும், மாத்திக் குடுத்தர்றன்னன். பைப்பை எறக்குனாத்தான் அதுக்குக் கை போகும். "பதினொன்றரைக்கு அக்காவைக் கூட்டிட்டு வர்றனுங்க, கையெழுத்துப் போடோணும்ல, அது முடிஞ்சதும் அப்படியே ஆபீசுக்குப் போயி வேலையையும் எழுதிக் குடுத்தரப் போறம்"னான். எந்த வேலையைன்னு கேட்டன், கேனையனாட்டம். "வாத்தியார் வேலையைத்தானுங்க. இன்னும் ஏழு வருசம் சர்வீஸ் கெடக்குது. என்ன பண்றது, அவளுக்குப் புத்தி ஒரு நெலையில நிக்க மாட்டேங்குதுங்கண்ணா. கோயமுத்தூர்ல மனசு டாக்டர்கிட்ட அஞ்சு மாசமாக் காட்டிட்டுத்தான் இருக்கறம்." சொல்லீட்டுக் கண்ணைத் தொடைச்சான். நடிப்பில்லை, அவன் நல்லவன், அக்கா மேல உசுரு. நான் "அடடா"ன்னன். அந்த அடடாவை இப்ப நெனைச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம்னு தோணோணும். தோணலை. அதுதான் எனக்கே புரியலை. விரிசலைப் பார்த்து அரை மணி நேரம் ஆகுது, திக்குன்னு ஆகலை, நெஞ்சு அடிச்சுக்கலை, கை நடுங்கலை. பல்லு புடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ள எல்லாம் தடிச்சுக் கெடக்குது. தொட்டாத் தொடறது தெரியுது, வலிக்கலை. மணி பத்தரை. பதினொன்றரைக்கு டீச்சர் வந்துருவாங்க. வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயி, எனக்குப் புத்தி சரியில்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்துருவாங்க.

தெரியாமப் பண்ணீட்டன்னு சொல்லலாமா. முடியாது. தெரியும். இருபத்தி ரெண்டு வருசமா இதைத்தான் பண்றன். இது பெட்ரோல் டர்போ, மூணு சிலிண்டர், சின்ன என்ஜின்தான், ஆனா டர்போ, புகை போற வேகத்துல சுத்தி என்ஜினுக்குக் காத்தை அழுத்திக் குடுக்கறது, அது இழுக்க ஆரம்பிச்சுதுன்னா என்ஜினே எந்திரிச்சு நிக்கப் பார்க்கும். அது ஆடட்டும்னுதான் ரப்பர் மவுண்டிங் மேல உக்கார வெச்சிருக்கறாங்க. சைலன்சர் பைப்பு பாடியில தொங்குது, அது அப்படி ஆடாது. ஆடற என்ஜினுக்கும் ஆடாத பைப்புக்கும் நடுவுல ஒரு சாண் நீளத்துல, மடிப்பு மடிப்பா, மேல கம்பி வலை சுத்தி ஒரு துண்டு இருக்கும், பெல்லோஸ்னு சொல்லுவம். அது வளைஞ்சு குடுத்து ரெண்டு பக்கத்தையும் சண்டையில்லாம வெச்சிருக்கும். போன ஆவணியில டீச்சர் கொண்டாந்தப்ப அந்தத் துண்டு கிழிஞ்சு கெடந்துச்சு, தெருவே திரும்பிப் பார்க்கற சத்தம். ஒரிஜினல் வரப் பத்து நாள் ஆகும். "காலாண்டுப் பரீட்சைங்க, பத்து நாள் வண்டியில்லாம முடியாது, மூணு பஸ்ஸு மாறோணும்"னாங்க. நான் இருக்கறப்ப நீங்க ஏனுங் டீச்சர் கவலைப்படறீங்கன்னன். கிழிஞ்சதை அறுத்து வீசிட்டு அந்த எடத்துல நேர் பைப்பு ஒன்னை வெச்சு வெல்டிங் அடிச்சன். என்னா வெல்டிங்! கோடு போட்ட மாதிரி. இப்பவும் டார்ச்சு அடிச்சா நல்லாத்தான் இருக்குது, சனியன், ஒரு ஓட்டை இல்லை. ரெண்டு வருசத்துல கிழியற பெல்லோஸ் எதுக்குங், இது உங்க காலத்துக்கும் கெடக்கும்னன். உங்க காலத்துக்கும்னு சொன்னன். பெல்லோஸ் ஏன் கிழிஞ்சுதுன்னு கேட்டிருக்கோணும். மவுண்டிங் போனா என்ஜின் கண்டபடி ஆடும், ஆடுனா பெல்லோஸ் கிழியும், அது தொழில் படிக்கறவனுக்கு மொதப் பாடம். ஒரு கம்பியை விட்டு நெம்பிப் பார்த்திருந்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். நெம்பலை. வெல்டிங் அடிக்கற குஷி. பைப்பு வளைஞ்சு குடுக்காது, மவுண்டிங் தாங்காது, அப்ப அத்தனை உதறலும் எங்க போகும், டர்போவுக்குத்தான் போகும், போயிருச்சு. எழுவது எம்பது தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டன் இந்த அரை மணி நேரத்துல, ஒவ்வொரு தடவையும் விடை நான்தான் வர்றன்.

விரிசல்ல இருந்து வந்த புகை எங்க போச்சுன்னு யோசிக்கக் கூடாதுன்னு நெனைச்சன், யோசிக்காம எப்படி இருக்கறது. டர்போவுக்கு மேல ஒரு அடி தள்ளி, முன் கண்ணாடிக்கு அடியில கறுப்பு வலைத்தட்டு இருக்குது, ஏசிக்குக் காத்து அந்த வழியாத்தான் போகும். உள்காத்தையே சுத்த விடாம வெளிக்காத்துல வெய்யுங்க, அதுதான் ஒடம்புக்கு நல்லதுன்னு டீச்சர் என்கிட்டயே பாடம் எடுத்திருக்கறாங்க. பட்டன் எப்பவும் வெளிக்காத்துலதான் இருக்கும். கண்ணாடி நாலும் ஏத்திருக்கும், இந்தப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி சுத்தற அளவுக்குக் காத்து, மண்ணை வாரிக் கொட்டும். மலையடிவாரத்து ஸ்கூல், போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். பெட்ரோல் புகையில வாசமே இல்லாத விஷம் ஒன்னு இருக்குதுன்னு எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், ஷட்டரை எறக்கிட்டு என்ஜினை ஓட விடாதேன்னு அதனாலதான் சொல்றது. தலையை வலிக்கும், கொமட்டும், கண்ணை இருட்டும், பேசறது மறக்கும். ஐப்பசியில, தீபாவளி கழிஞ்சு ஒரு வாரத்துல, டீச்சர் வந்து நின்னாங்க. "நாச்சிமுத்து, வண்டியில போனா தலை வலிக்குதுங்க, ஏதோ கருகற வாசமும் வருது ஒருக்கா ஒருக்கா." இந்த எடத்துலதான் நின்னாங்க, இந்த எண்ணெய்க் கறை இருக்கற எடத்துல. நான் பானெட்டைத் தூக்கினன், என்ஜினை ஓட விட்டன், மூக்கை நீட்டினன், ஒன்னும் இல்லீங் டீச்சர்னன். நின்ன வண்டியில வருமா. ஏத்தத்துல டர்போ இழுக்கறப்பத்தான் விரிசல் வாயைத் திறக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்கலாம். பக்கத்துல ஒரு லாரிக்காரன் நின்னுட்டு இருந்தான், அவசரம்னான். போயிட்டு வாங்க டீச்சர்னன். கார்த்திகையில மறுக்காவும் வந்தாங்க. மறுக்காவும் பானெட்டைத் தூக்கினன். மறுக்காவும் ஒன்னும் இல்லீங்.

அதுக்கப்பறந்தான் பேக்கரியில. அதுக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் சுத்திட்டு இருந்தன். தண்டபாணி கேட்டான், "அண்ணா, அக்கா வண்டியில ஏதோ வாசம் வருதுன்னு பொலம்பறாளுங்களே, என்னங்கண்ணா?" டீக் கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு, நாலு பேர் கேக்கறாங்கங்கற தெம்புல, "வண்டியில ஒரு கோளாறும் இல்லை தண்டபாணி, டீச்சருக்குத்தான் எங்கியோ நட்டு லூசு"ன்னன். எல்லாரும் சிரிச்சாங்க. தண்டபாணியும் சிரிச்சான், சிரிச்சுட்டு நிறுத்திட்டான், அந்த நிறுத்தம் எனக்குத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அவனுக்கு அந்த நெனைப்பு இல்லை. நான்தான் விதை போட்டன். தை மாசம், டீச்சர் ஸ்கூல்ல படிக்கற எதுத்த வீட்டுப் பாப்பா வந்து சொல்லுச்சு, வசுமதி டீச்சர் போர்டுல கணக்குப் போட்டுட்டு இருந்தப்ப பாதியில நின்னுட்டாங்களாம், சாக்பீஸைக் கையில வெச்சுட்டுப் போர்டையே பார்த்துட்டு நின்னாங்களாம், அஞ்சு நிமிசம், அடுத்த வரி என்னன்னு பிள்ளைகளைக் கேட்டாங்களாம். கிளாஸே சிரிச்சுதாம். அதைக் கேட்டு நானும் சிரிச்சன். "நான் அப்பவே சொன்னன்ல"ன்னன். பெருமை வேற. சித்திரையில லீவு விட்டாங்க, டீச்சர் நல்லாயிட்டாங்க, கோயிலுக்குப் போனாங்க, ஊறுகாய் போட்டாங்க, சிரிச்சாங்க. ஆனியில ஸ்கூல் திறந்தாங்க, மறுபடி வாந்தி, மறுபடி மயக்கம், ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்லயே விழுந்துட்டாங்க. பார்த்தவங்க என்ன சொல்லுவாங்க, லீவுன்னா நல்லா இருக்கா, ஸ்கூலுன்னா ஒடம்புக்கு ஆகலை, வேலைக்குப் பயந்துட்டு நடிக்கறா இல்லாட்டிப் பைத்தியம். லீவு நாள்ல டீச்சர் வண்டியை எடுக்கறதில்லைங்கறதை ஒருத்தரும் நெனைக்கலை. நெனைச்சிருக்க வேண்டியவன் ஒருத்தன் இருந்தான், அவன் பேக்கரியில பஜ்ஜி தின்னுட்டு இருந்தான். வெக்கமா இருக்குது. சொல்றன், வெக்கமா இருக்குது, ஆனா அதுவும் வாயளவுலதான் இருக்குது, அடியில போக மாட்டேங்குது.

ஸ்பானரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினன், நட்டு டக்குன்னு விட்டுருச்சு, கை போயி தகட்டுல மோதி மூணு விரல் முட்டியும் உரிஞ்சுது. ரத்தம் வருது. பார்த்துட்டே நின்னன். எரியலை. வேட்டித் துணியைச் சுத்திட்டு பைப்பை எறக்கினன், நான் போட்ட நேர் பைப்பு, கனமான பைப்பு, பெஞ்சு மேல வெச்சன். கியர் பாக்ஸ் பக்கம் மவுண்டிங்கை நெம்பினன், ரப்பர் ரெண்டாப் பிளந்து வாயைப் பொளந்துச்சு. புது மவுண்டிங் அலமாரியில ரெடியா இருக்குது. பெல்லோஸும் இருக்குது, இப்பெல்லாம் உள்ளூர்லயே கெடைக்குது. இந்த விரிசலுக்கு வார்ப்பு இரும்பு ராடு போட்டு மெதுவா வெல்டிங் எடுத்து, மேல கறுப்பு ஹீட் பெயிண்டை அடிச்சு விட்டன்னா ஒரு மனுசனுக்கும் தெரியாது. ஒரு மணிக்கு வாங்கறவன் வந்து ஓட்டிப் பார்த்துட்டு வெண்ணெய் மாதிரி போகுதுன்னு சொல்லுவான். அவனுக்கும் ஆபத்தில்லை. வண்டி சரியாயிரும். எல்லாம் சரியாயிரும். டீச்சருந்தான், வண்டி போயிட்டாத் தலைவலியும் போயிரும், மூணு மாசத்துல தெளிஞ்சிருவாங்க. தெளிஞ்சு? வேலை போயிருக்கும். வசுமதிக்கு மருந்துல கொணமாயிருச்சுன்னு ஊரு சொல்லும். அவங்களும் அப்படித்தான் நெனைச்சுட்டு இருப்பாங்க, சாகற வரைக்கும், எனக்கு ஒருக்கா புத்தி பெசகிருச்சு, மறுக்காவும் பெசகும்னு. ராத்திரி ஒரு பேரு மறந்தாக் கூடப் பயந்துட்டுக் கெடப்பாங்க. அது போதும், நாச்சிமுத்து தப்பிச்சான். நல்ல யோசனைடா. எத்தனை சுளுவா வருது பாரு யோசனை. அது வந்ததுக்கும் எனக்கு அதிர்ச்சியா இல்லை, ராடு எங்க வெச்சனோன்னு கண்ணு தேடுது.

ராடு ரெண்டாவது ட்ராயர்ல. எடுத்துக் கையில வெச்சுட்டு நின்னன். அப்பத்தான் வேற ஒன்னு வந்து மாட்டுச்சு. டீச்சர் வண்டி ஒன்னுதானா. நேர் பைப்பு எத்தனை வண்டிக்குப் போட்டிருக்கறன். டீச்சர் வண்டி நல்லா வந்ததும் குஷியில அப்பறம் எல்லாத்துக்கும் அதையே சொல்லீட்டு இருந்தன். ஜவுளிக்கடை வெள்ளை வண்டி, அது ஒன்னு. மடத்துக்குளம் பால் சொசைட்டிக்காரரு, ரெண்டு. காத்தாடிக் கம்பெனி ஜீப்பு டீசலு, மூணு, அதுல எப்பவும் கண்ணாடி திறந்திருக்கும், பரவாயில்லை, என்ன பரவாயில்லை. நாலாவது, பேரு வரமாட்டேங்குது, கணியூர்க்காரங்க, புருசன் பொண்டாட்டி, பின் சீட்டுல ஒரு கைக்குழந்தை தொட்டில்ல படுத்திருந்துச்சு. பைப்பு போட்டுட்டு அந்தக் குழந்தை கன்னத்தைத் தட்டி அனுப்புனன். போன் நம்பர் நோட்டுல இருக்கும். இருக்கோணும். நோட்டை எடுத்து வந்து பொரட்டினன், ரத்தம் பட்டுக் காயிதம் ஒட்டிக்குது. அஞ்சாவது. ஆறாவது. இந்த எடத்துலதான் மொத மொதலாப் பயமா இருந்துச்சு, சின்னதா, ஐஸ் தண்ணி குடிச்ச மாதிரி, அப்பறம் அதுவும் போயிருச்சு. கணியூர்க்காரருக்குப் போன் போட்டன். அடிச்சுது, எடுக்கலை. மறுக்காவும் போட்டன். எடுத்தாரு, "சொல்லுங்கண்ணா"ன்னாரு, பின்னாடி குழந்தை அழுகற சத்தம் கேட்டுச்சு, நல்ல கனமான அழுகை. "ஒன்னுமில்லீங், வண்டியை எடுக்காதீங்க, அப்படியே நிறுத்தி வெய்யுங்க, பொழுதோட நானே வர்றன், ஒரு வேலை தப்பாப் பண்ணீட்டன்"னன். அவரு ஏதோ கேட்டாரு, நான் வெச்சுட்டன். தப்பாப் பண்ணீட்டன். ஒருக்கா சொல்லீட்டன். முகம் தெரியாத போன்ல சொல்றது சுளுவு.

அடுத்த நம்பரைத் தேடறதுக்குள்ள கேட் சத்தம் கேட்டுச்சு. தண்டபாணி காரு நின்னுது, டீச்சரை எறக்கி விட்டுட்டு, "ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தர்றனுங்கண்ணா"ன்னு போயிட்டான். மணி பதினொன்னு பத்துதான். சீக்கிரம் வந்துட்டாங்க. டீச்சர் கேட்டுக்குப் பக்கத்துலயே நின்னாங்க. நீலச் சேலை, கையில ஒரு பை. முன்ன எல்லாம் கேட்டுல இருந்தே "என்ன நாச்சிமுத்து, ஆச்சுங்களா இல்லை சாக்கு ரெடியா இருக்குதுங்களா"ன்னு கிளாஸ்ல பேசற கொரல்ல கேப்பாங்க. இப்ப "வரலாங்களா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட. வாங்க டீச்சர்னு ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டன். உக்காரலை. வண்டியைப் பார்த்தாங்க, பார்வையை எடுத்துட்டாங்க. "அது பக்கத்துல போனாலே எனக்கு ஒரு மாதிரி ஆகுதுங்க. டாக்டர் அதைப் பயம்ங்கறார். இருக்கும். பத்து நாளா லீவுல இருக்கறேன், நல்லா இருக்கறேன். லீவுன்னா நல்லாத்தான் இருக்கறேன், அதனால நடிக்கறேன்னு சொல்றாங்க. நடிக்கறேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு." சொல்லீட்டுச் சிரிச்சாங்க. சிரிப்பு பாதியில நின்னுச்சு. எங்கயோ பார்த்துட்டு, "பிள்ளைகளுக்கு முன்னாடி மட்டும் அப்படி ஆகாம இருந்திருக்கலாம்"னாங்க. ராடு இன்னும் என்ற கையில இருக்குது. இப்ப சொல்லலாம். சொல்ல வேண்டாம். வாங்கறவன் ஒரு மணிக்கு வர்றான். டீச்சர் என்ற கையைப் பார்த்துட்டு, "ரத்தம் வருதே, கட்டுப் போடலீங்களா?"ன்னாங்க.

"டீச்சர், உங்களுக்கு ஒன்னும் இல்லீங்க"ன்னன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க"ன்னாங்க, பழகிப் போன கொரல்ல. "அப்படி இல்லீங்க. இங்க வாங்க, ஒன்னு காட்டோணும். என்ஜின் ஓடலை, ஒன்னும் ஆகாது, வாங்க." நின்னு யோசிச்சாங்க. அப்பறம் பையை ஸ்டூல்ல வெச்சுட்டு, சேலையை ஒரு கையில தூக்கிப் புடிச்சுட்டு வண்டிக்கடியில வந்தாங்க. நான் டார்ச்சை அடிச்சன். "இது டர்போங்க. இது விரிசல். இந்தக் கரி எல்லாம் புகை வந்த தடம். இங்க இருந்து மேல போயி உங்க ஏசி வழியா உள்ள வந்திருக்குது, நீங்க ஓட்டுன அத்தனை நாளும். அதைச் சுவாசிச்சாத் தலைவலி, வாந்தி, மறதி எல்லாம் வருங்க. அந்த விஷத்துக்கு மட்டும் வாசமே கெடையாது." பேசறது நான்தானான்னு இருந்துச்சு, ஸ்பேர் பார்ட்ஸ் பத்திக் கேட்ட கஸ்டமருக்கு வெளக்கற மாதிரியே வருது கொரலு. "வளையற துண்டை எடுத்துட்டு வளையாத பைப்பைப் போட்டது நான். மவுண்டிங்கைப் பார்க்காம விட்டதும் நான். நீங்க ரெண்டு தடவை வந்து சொன்னீங்க. நான் வண்டியை ஓட்டிக் கூடப் பார்க்கலை. வெளிய போயி உங்களைப் பத்தித் தப்பாவும் பேசிட்டன்." டீச்சர் கையைத் தூக்கி, சந்துக்குள்ள விரலை விட்டு, அந்த விரிசலைத் தொட்டாங்க. மேல இருந்து கீழ தடவிப் பார்த்தாங்க. "நீங்க போட்டது ஆவணியில." "ஆமாங்க." "ஐப்பசியில நான் வந்தப்ப இது இருந்துச்சா?" "இருந்திருக்குங்க, சின்னதா." "தையில இன்னும் பெரிசு." "ஆமாங்க." "மே மாசம் நான் வண்டியே எடுக்கலை." "ஆமாங்க டீச்சர்." அப்பறம் அவங்க என்னைக் கேக்கலை, உதடு மட்டும் அசைஞ்சுது, மாசம் மாசமா, படி படியா, கணக்குப் போடறாங்க. ஒரு படியிலயும் நிக்கலை. கடைசி வரைக்கும் போயிட்டாங்க.

அடிப்பாங்கன்னு நெனைச்சன். கத்துவாங்கன்னு நெனைச்சன். அடிச்சாத் தேவலைன்னு இருந்துச்சு. "அப்ப நான் நல்லாத்தான் இருந்திருக்கறேன்"னாங்க, என்கிட்ட இல்லை, அந்த விரிசல்கிட்ட. கண்ணுல தண்ணி இல்லை, மூச்சுதான் வாங்குச்சு, மாடி ஏறி வந்தவங்க மாதிரி. அப்பறம் என்ற பக்கம் திரும்பினாங்க. "உங்களை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை நாச்சிமுத்து. அதை அப்பறம் பார்த்துக்கறேன். மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க." நெனைக்கலீங்கன்னன். "இப்ப தம்பி வருவான். என்கிட்டச் சொன்ன மாதிரியே அவன்கிட்டச் சொல்லுங்க. ஒரு வார்த்தை கொறைக்காம. நான் சொன்னா எடுபடாதுங்க. நான் என்ன சொன்னாலும் இப்பெல்லாம் எடுபடறதில்லை." அதைச் சொன்னப்பத்தான் எனக்கு உள்ள எங்கியோ அந்தப் பல்லு ஊசியோட மரமரப்பு எறங்க ஆரம்பிச்சுது. முட்டி உரிஞ்ச எடம் எரிஞ்சுது. நல்லா எரிஞ்சுது.

தண்டபாணி வந்துட்டான், கையில பிளாஸ்டிக் ஃபைலு, அதுக்குள்ள வண்டி ஃபாரமும் வேலையை விடற லெட்டரும். அக்கா வண்டிக்கடியில நிக்கறதைப் பார்த்ததும் ஓடி வந்தான். "ஐயோ, இங்க எதுக்கு வந்த, பாரு கையெல்லாம் கரி. காலையில மாத்திரை போட்டியாக்கா?" டீச்சர் என்னைப் பார்த்தாங்க. அவனும் என்னைப் பார்த்தான், கொரலைத் தாழ்த்தி, அக்கா அங்க நிக்காத மாதிரி, "ஏதாச்சும் தொந்தரவு பண்ணிட்டு இருந்தாளுங்களாண்ணா? மனசுல வெச்சுக்காதீங்க"ன்னான். "தண்டபாணி, அக்காவுக்கு ஒன்னும் இல்லை. வண்டியில விஷப் புகை போயிருக்குது, பத்து மாசமா. பண்ணுனது நான்"னன். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரலை. அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்னங்கண்ணா சொல்றீங்க, அவ ஏதாச்சும் சொல்லச் சொன்னாளுங்களா?"ன்னான். "அவங்க சொல்லலை, நான் சொல்றன். இந்தா, லைட்டைப் புடி, மேல பாரு"ன்னு அவன் கையில டார்ச்சைக் குடுத்தன். அவன் டார்ச்சை மேல அடிச்சான். ரொம்ப நேரம் பார்த்தான், வெளிச்சத்தை விரிசலோட மேல கீழ ஓட்டினான். ஃபைலு அவன் அக்குள்ல இருந்துச்சு. டீச்சர் அந்த ஃபைலுக்குக் கரிக்கையை நீட்டுனாங்க. "குடுடா அதை"ன்னாங்க, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற கொரல்ல.